செயல்நினைவு எப்படி அமைந்திருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுங்கால நினைவும் செயல்நினைவும் ஒன்றுதானா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றில்லை. யாரோ சொன்ன ஆறு இலக்க எண்ணைத் தட்டச்சு செய்து முடிக்கும்வரை மனதில் வைத்திருக்கிறீர்கள். அது குறுங்கால நினைவு. வைத்திருக்கும்போதே அதைக் கொண்டு ஒரு வேலையும் நடந்தால் அது செயல்நினைவு, அதாவது வொர்க்கிங் மெமரி.

47ஐ 6ஆல் மனக்கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். நாற்பதை ஆறால் பெருக்கினால் 240. அதை ஓரமாக வைத்துவிட்டு, ஏழாறு நாற்பத்திரண்டு என்று சொல்லி, 240 எங்கே என்று தேடி எடுத்துக் கூட்டுகிறீர்கள்: 282. அந்தச் சில நொடிகளில் கேள்வியின் எண்கள், பாதி விடை, எந்தப் படியில் நிற்கிறோம் என்ற தகவல் மூன்றும் தொலையாமல் இருந்தாக வேண்டும். ஒன்று நழுவினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஐந்து நிமிடம் முன்னால் நடந்தது மறந்துபோவதைத்தானே ‘ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ்’ என்கிறார்கள்?

சினிமா பரப்பிய குழப்பம் இது. இந்தத் துறையின் கணக்கில் ஐந்து நிமிடம் என்பது நீண்டகாலம். குறுங்கால நினைவு என்றால் நொடிகள், அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி ஹென்றி மொலைசன். வலிப்புக்காக 1953இல் இவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையில் மூளையின் இருபக்க ஹிப்போகேம்பஸ் பகுதியும் பெருமளவு அகற்றப்பட்டது. அதன்பிறகு புதிய நிகழ்வு எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் எண்களை வரிசையாகச் சொன்னால் மற்றவர்களைப் போலவே உடனே திருப்பிச் சொல்வார். அவரிடம் போனது நீண்டகால நினைவில் புதிதாகப் பதியும் திறன். குறுங்கால நினைவு நன்றாகவே இருந்தது.

நேர்மாறான ஒருவரைப் பற்றி டிம் ஷாலிஸும் எலிசபெத் வாரிங்டனும் 1970இல் எழுதினார்கள். கே.எஃப். என்ற அந்த நபருக்கு விபத்தில் இடப்பக்க மூளையில் அடி. காதால் கேட்ட எண்களில் ஒன்றிரண்டைத்தான் திருப்பிச் சொல்ல முடியும். ஆனால் புதிய விஷயங்களைக் கற்று நெடுநாள் நினைவில் வைத்துக்கொண்டார்.

அதில் என்ன ஆச்சரியம்?

அன்று செல்வாக்காக இருந்த விளக்கம் ரிச்சர்ட் அட்கின்சனும் ரிச்சர்ட் ஷிஃப்ரினும் 1968இல் முன்வைத்தது. புலன்வழி வந்த தகவல் முதலில் ஒரே ஒரு குறுங்கால இருப்பில், அதாவது தகவலைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் இடத்தில், நுழையும். அங்கே தங்கித்தான் நீண்டகால நினைவுக்குப் போகும். யோசிப்பது, கணக்குப் போடுவது எல்லாமும் அந்த இருப்பில்தான் நடக்கும். அப்படியென்றால் அது சிதைந்துபோன கே.எஃப். எதையும் கற்க முடியாமல் தவித்திருக்க வேண்டுமே? அவர் தவிக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் அமைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மூளைக் காயங்கள் ஒரு வழி. இன்னொரு வழி மோதவிட்டுப் பார்ப்பது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் முழு சாமர்த்தியமும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை கொடுங்கள். இரண்டும் கெட்டுப்போனால், இரண்டுக்கும் வேண்டிய ஏதோ ஒன்று பொதுவானது. ஒன்றையொன்று தொடாமல் நடந்தால், உள்ளே அவற்றுக்குத் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். ஒரு கடிகாரமும் பொறுமையும் போதும். கீழே வரும் பகுதிகள் ஒவ்வொன்றும் இப்படி ஏதோ ஒரு மோதலில் பிடிபட்டவைதான்.

பாட்லி–ஹிட்ச் மாதிரி என்பது என்ன?

செயல்நினைவு எப்படி அமைந்திருக்கிறது என்று உளவியலாளர்கள் ஆலன் பாட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் வெளியிட்ட விளக்கம். ஒரே இருப்புதான் என்பது உண்மையானால், அதை எண்களால் நிரப்பிவிட்டால் யோசனை ஸ்தம்பித்துவிட வேண்டும் இல்லையா? அதைத்தான் செய்து பார்த்தார்கள். சிலருக்கு எண் வரிசை ஒன்றைக் கொடுத்து விடாமல் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். அதே நேரத்தில் திரையில் ‘பி-க்குப் பின் ஏ வருகிறது’ என்பது போன்ற வாக்கியம், பக்கத்தில் இரண்டு எழுத்துகள். வாக்கியம் சரியா தவறா என்று பொத்தானை அழுத்த வேண்டும்.

பிற்பாடு எண்களை எட்டு வரை கூட்டியும் பார்த்தார்கள். விடை சொல்லும் நேரம் ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. ஆனால் தவறுகள் 5 சதவீத அளவிலேயே நின்றன. வேகம் குறைந்தது, யோசனை உடையவில்லை. எண்களைத் தாங்கும் இடமும் தர்க்கம் நடக்கும் இடமும் முழுக்க ஒன்றல்ல என்பது தெரிந்தது. கொஞ்சம் தொடர்பு இருக்கிறது என்பதும் தெரிந்தது.

இதிலிருந்து மூன்று பகுதிகள் கொண்ட அமைப்பு உருவானது. பேச்சையும் ஒலியையும் தாங்கும் ஒலிச்சுற்று ஒன்று. உருவத்தையும் இடத்தையும் தாங்கும் காட்சி-இடப் பலகை இன்னொன்று. இரண்டையும் மேய்த்துக்கொண்டு கவனத்தைப் பங்கிடும் மைய நிர்வாகி மூன்றாவது. நான்காவது ஒன்று 2000ஆம் ஆண்டில் சேர்ந்தது. அதற்கு அப்புறம் வருவோம்.

ஒலிச்சுற்று எப்படி வேலை செய்கிறது?

நான்கு பகுதிகளில் நன்றாகத் தெரிந்தது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் நீங்களே செய்து பாருங்கள். கல், பல், வில், நெல், சொல். ஒருமுறை படித்து, கண்ணை எடுத்துவிட்டு, அதே வரிசையில் சொல்லுங்கள். அடுத்து மண், பூ, கை, நாய், தேர். இரண்டும் ஐந்தைந்து சிறு சொற்கள்தான். பெரும்பாலானவர்களுக்கு முதல் பட்டியலில் வரிசை குழம்பும். கவிதைக்கு உதவும் ஓசை ஒற்றுமை இங்கே எதிரி.

ரூபன் கான்ராட் 1964இல் இதை ஆங்கில எழுத்துகளில் காட்டினார். எழுத்துகளைக் கண்ணால்தான் பார்த்தார்கள். ஆனாலும் தவறுகள் காதின் தவறுகளாக இருந்தன. ‘வி’ என்ற எழுத்தை மறந்தவர்கள் அதற்குப் பதிலாக எழுதியது அதைப் போல ஒலிக்கும் ‘பி’. உருவத்தில் ஒத்த எழுத்தை எழுதியவர்கள் குறைவு. கண்ணால் பார்த்ததும் உள்ளே ஒலியாக மாறித்தான் தங்குகிறது என்று பொருள்.

இந்தச் சுற்றில் இரண்டு வேலைகள். ஒன்று, ஒலி வடிவத்தைத் தாங்கும் சிறு இருப்பு. சுமார் இரண்டு நொடிகளில் அதிலிருப்பது மங்கிவிடும். இன்னொன்று, வாய் அசையாமல் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லி அதைப் புதுப்பிப்பது. மங்குவதற்குள் ஒரு சுற்று வந்துவிட்டால் தப்பித்தது.

இதனால்தான் நீளமான சொற்கள் குறைவாகவே நினைவில் நிற்கின்றன என்று பாட்லியும் உடனிருந்தவர்களும் 1975இல் வாதிட்டார்கள். ஒருவர் இரண்டு நொடிகளுக்குள் எத்தனை சொற்களைச் சொல்லி முடிப்பாரோ, ஏறக்குறைய அத்தனைதான் அவருக்கு நிற்கும். இதைச் சிலர் மறுக்கிறார்கள்: நீளமான சொற்களுக்கு ஒலியில் நெருங்கிய சொற்கள் மொழியில் குறைவு, வித்தியாசத்துக்குக் காரணம் அதுதான், நேரம் அல்ல என்பது அவர்கள் கட்சி. விவகாரம் இன்னும் முடியவில்லை.

அப்படியானால் மொழிக்கு மொழி எண் நினைவு மாறுமா?

மாறும். வெல்ஷ் (வேல்ஸ் நாட்டு மொழி), ஆங்கிலம் இரண்டும் தெரிந்தவர்களை வைத்து 1980இல் நிக் எல்லிஸும் ஹென்னலியும் செய்த ஆய்வு இதற்குப் பேர்போனது. வெல்ஷ் எண்களைச் சொல்ல அதிக நேரம் பிடிக்கும். அதே ஆட்களுக்கு வெல்ஷில் நினைவில் நிற்கும் எண்கள் குறைவு. வாய்க்குள் சொல்லிக்கொள்ளவிடாமல் தடுத்ததும் அந்த வித்தியாசம் மறைந்தது. தமிழில் பேசிக்கொண்டே தொலைபேசி எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பழக்கம்தான் முக்கியக் காரணம் என்றாலும், ‘ஒன்பது’ வாயில் எடுக்கும் நேரத்தை ‘நைன்’ எடுக்காது.

வாய்க்குள் சொல்வதை எப்படித் தடுப்பது?

‘த, த, த, த’ என்று ஏதோ ஒரு அசையை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வைப்பார்கள். சாதாரண தந்திரம், ஆனால் அது தந்த தகவல் அழகானது.

மேலே உள்ள ‘கல், பல்’ பட்டியலை ‘த, த, த’ சொல்லிக்கொண்டே கண்ணால் படித்தால் நினைவு பொதுவாகக் குறையும். ஆனால் ஓசை ஒத்த பட்டியலுக்கும் ஒவ்வாத பட்டியலுக்கும் இருந்த வித்தியாசம் காணாமல் போகும். அதே பட்டியலை வேறொருவர் படிக்க, காதால் கேட்டால், ‘த, த, த’ சொன்னாலும் வித்தியாசம் அப்படியே இருக்கும். ஏன்? காதில் விழுந்த பேச்சு நேராக ஒலி இருப்புக்குள் போய்விடுகிறது. கண்ணால் படித்ததை ஒலியாக மாற்ற உள்ளே வாய் வேண்டும். அதைத்தான் வேறு வேலையில் மாட்டி வைத்திருக்கிறோமே. இருப்பு வேறு, உள்ளுக்குள் சொல்வது வேறு என்று பிரித்தது இந்த இரண்டு வரி சோதனைதான்.

பாட்டுக் கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

வரிசையாக எதையாவது மனதில் நிறுத்த வேண்டிய வேலை என்றால் பேச்சுள்ள பாட்டு கெடுக்கும். வாத்திய இசை அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை, மாறாமல் இரையும் வெற்று ஓசை கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. புரியாத மொழியில் பேசினாலும் பாதிப்பு இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அர்த்தத்தால் கவனம் சிதறுவது மட்டும் காரணமாக இருந்தால் தெரியாத மொழி தொந்தரவு செய்திருக்கக் கூடாது. சத்தத்தின் அளவைவிட, ஒலி மாறிக்கொண்டே இருப்பதுதான் சிக்கல்.

காது கேளாதவர்களுக்கு ஒலிச்சுற்று இருக்குமா?

சைகை மொழியோடு வளர்ந்தவர்களுக்கு அதே மாதிரியான சுற்று கைகளில் இருக்கிறது. கைவடிவம் ஒத்த சைகைகளை வரிசையாக நினைவு வைப்பது அவர்களுக்குக் கடினம். கையை வேறு அசைவில் மாட்டிவிட்டால் நினைவு குறைகிறது. ‘ஒலி’ என்ற பெயர் கொஞ்சம் குறுகலாகிவிட்டது.

தொலைபேசி எண்ணைத் தவிர ஒலிச்சுற்றால் என்ன பயன்?

நியாயமான கேள்வி. பாட்லியும் இதில் பல காலம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். பதில் பி.வி. என்ற இத்தாலியப் பெண்ணிடமிருந்து கிடைத்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குக் கேட்ட எண்களில் இரண்டு போலத்தான் நின்றன. மற்றபடி அறிவும் பேச்சும் சரியாகவே இருந்தன. இத்தாலியச் சொற்களை ஜோடி ஜோடியாகக் கொடுத்தால் எல்லோரையும் போலக் கற்றார். இத்தாலியச் சொல்லோடு ஒரு ரஷ்யச் சொல்லை ஜோடி சேர்த்துச் சொன்னபோது, பத்து முறை கேட்டும் ஒன்றுகூட ஏறவில்லை. 1988இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகு, புதிய சொல்லின் ஒலியைப் பிடித்து வைத்து மொழி கற்க உதவுவதுதான் இதன் தலையாய வேலை என்ற கருத்து வலுத்தது. குழந்தைகள் அர்த்தமில்லாத புதுச்சொல்லைத் திருப்பிச் சொல்லும் திறனுக்கும் அவர்கள் சொல்வளத்துக்கும் உள்ள தொடர்பும் இதோடு ஒத்துப்போகிறது.

காட்சி-இடப் பலகை?

லீ புரூக்ஸ் 1968இல் செய்த சோதனைதான் எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பெரிய கட்டை எழுத்தாக ஆங்கில ‘எஃப்’ ஒன்றை மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஓரமாகவே சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மூலையிலும், இது எழுத்தின் உச்சியிலோ அடியிலோ இருக்கும் மூலையா என்று பதில் சொல்ல வேண்டும்: ஆம், ஆம், இல்லை...

வாயால் சொன்னவர்கள் சுலபமாகச் செய்தார்கள். தாளில் சிதறி அச்சிட்டிருந்த ‘ஆம்’, ‘இல்லை’ எழுத்துகளைத் தேடிச் சுட்டிக் காட்டச் சொன்னபோது திணறினார்கள். சுட்டுவதே கடினமான வேலையோ என்று தோன்றும். அதற்கும் ஒரு மறுசோதனை வைத்திருந்தார் புரூக்ஸ். ஒரு வாக்கியத்தை மனதில் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் பெயர்ச்சொல்லா இல்லையா என்று சொல்ல வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ்: வாயால் சொல்வது கடினம், சுட்டிக் காட்டுவது சுலபம். படத்தோடு இடம் மோதுகிறது, பேச்சோடு பேச்சு மோதுகிறது, குறுக்கே கடந்தால் மோதல் இல்லை.

பிற்பாடு இந்தப் பலகைக்குள்ளேயே பிளவு தெரிந்தது. நிறம், வடிவம் போன்றவற்றைத் தாங்குவது ஒன்று. இடம், அசைவு, வழி ஆகியவற்றைத் தாங்குவது மற்றொன்று. சம்பந்தமில்லாத படங்களைக் காட்டினால் முதலாவது கெடும். கையால் வரிசையாகத் தட்டச் சொன்னால் இரண்டாவது கெடும். ராபர்ட் லோகி 1995இல் இவற்றை ஒரு காட்சி இருப்பாகவும் அதைப் புதுப்பிக்கும் உள்ளெழுத்தராகவும் பிரித்து எழுதினார்.

கொள்ளளவு சிறியதுதான். ஸ்டீவன் லக்கும் எட்வர்ட் வோகலும் 1997இல் வண்ணச் சதுரங்களை ஒரு கணம் காட்டி மறைத்து, மீண்டும் காட்டும்போது ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்று நான்கு பொருள்கள் வரை பிழையில்லை. அதற்கு மேல் சரிவு.

மைய நிர்வாகி யார்? மண்டைக்குள் இன்னொரு ஆளா?

இந்தக் கிண்டல் பழையது. தகுதியானதும்கூட. ‘முடிவெடுப்பது நிர்வாகி’ என்றால், நிர்வாகியின் மண்டைக்குள் யார் என்ற கேள்வி வரத்தான் செய்யும். விளக்க முடியாத எல்லாவற்றையும் தொடக்கத்தில் இந்தப் பெயரின்கீழ் போட்டு வைத்தார்கள் என்பதை பாட்லி மறைத்ததில்லை.

பிறகு டொனால்ட் நார்மனும் ஷாலிஸும் சொன்ன ஒரு கருத்தை அவர் எடுத்துக்கொண்டார். நம் செயல்களில் பெரும்பகுதி பழக்கத்தில் தானாக ஓடும். பழக்கம் உதவாத இடத்தில் மட்டும் ஒரு மேற்பார்வை உள்ளே நுழைந்து ஓட்டத்தை நிறுத்தும். இதைப் பார்க்க எளிய வழி: நொடிக்கு ஒன்றாக எழுத்துகளை எந்த ஒழுங்கும் இல்லாமல் சொல்லிக்கொண்டே போங்கள். சிறிது நேரத்தில் ‘க, ங, ச’ என்று வரிசை எட்டிப் பார்க்கும். பக்கத்தில் இன்னொரு வேலையும் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் எட்டிப் பார்க்கும். பழகிய தடத்திலிருந்து விலகி நிற்பதற்கு ஆகும் செலவு அது.

அகிரா மியாகேயும் உடனிருந்தவர்களும் 2000இல் நிர்வாக வேலைகளை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: வேலை மாற்றுவது, மனதில் உள்ளதைப் புதுப்பிப்பது, தானாக எழும் பதிலை அடக்குவது. மூன்றும் தனித்தனி, ஆனால் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ‘யார்’ என்று கேட்பதைவிட ‘என்னென்ன வேலை’ என்று கேட்பது பலன் தந்தது.

நான்காவது பகுதி ஏன் தேவைப்பட்டது?

தொடர்பில்லாத சொற்கள் என்றால் ஐந்தாறுதான் நிற்கும். வாக்கியமாக இருந்தால் பதினைந்து சொல் வரை திருப்பிச் சொல்கிறோம். ஒலிச்சுற்றில் அவ்வளவு இடம் கிடையாது. மிச்சத்தை எது தாங்குகிறது? ஒரு சொல்லுக்கு மேல் தாங்காத பி.வி.யால்கூட ஐந்து சொல் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடிந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது: ஒருவர் பேசும்போது முகமும் குரலும் ஒரே அனுபவமாக இணைகின்றன. ஒலி ஒரு பகுதியிலும் உருவம் வேறு பகுதியிலும் தங்கினால் இணைப்பு எங்கே நடக்கிறது? மாதிரியில் அதற்கு இடமே இல்லை.

பாட்லி 2000இல் சேர்த்த நிகழ்வு இடைத்தாங்கி இந்த ஓட்டையை அடைக்க வந்தது. ஒலி, உருவம், நீண்டகால நினைவிலிருந்து வரும் அறிவு ஆகியவற்றை இணைத்துச் சில கொத்துகளாகத் தற்காலிகமாக வைத்திருக்கும். நல்ல யோசனை. ஆனால் இதை மோதவிட்டுப் பிடிப்பது மற்றவற்றைப் போல அவ்வளவு எளிதாக இல்லை.

ஏழு என்ற எண் என்ன ஆனது?

ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது அது: மனதில் ஒரே நேரத்தில் நிற்பவை ஏழு, கூட்டல் கழித்தல் இரண்டு. அவருடைய முக்கியமான கருத்து ஏழு இல்லை, கொத்து. 194719141969 என்று பன்னிரண்டு இலக்கமாகப் பார்த்தால் நிற்காது. 1947, 1914, 1969 என்று பிரித்தால் மூன்றே கொத்து. இந்திய விடுதலை, முதல் உலகப் போர், நிலவில் கால் வைத்தது. எனவே கொள்ளளவைத் தீர்மானிப்பதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான்.

கொத்தாக்கவும் உள்ளுக்குள் சொல்லவும் வழியில்லாமல் செய்துவிட்டால் எத்தனை மிஞ்சும்? நெல்சன் கோவன் 2001இல் சான்றுகளையெல்லாம் அலசிச் சொன்ன எண் நான்கு. இன்று பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். விளம்பரப் பயிற்சி வகுப்புகளில் மட்டும் ஏழு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் இந்தப் பகுதிகளை ஒப்புக்கொள்கிறார்களா?

இல்லை. கோவனே வேறு கட்சி. அவர் பார்வையில் தனிப்பட்ட இருப்புகள் கிடையாது. நீண்டகால நினைவில் இந்த நேரத்தில் விழித்திருக்கும் பகுதியும், அதற்குள் கவனம் படிந்திருக்கும் மூன்று நான்கு விஷயங்களும் சேர்ந்ததுதான் செயல்நினைவு. கிளாஸ் ஓபராவர் இன்னும் ஒரு படி உள்ளே போய், அந்தச் சிலவற்றிலும் ஒரு நேரத்தில் ஒன்றின்மீதுதான் கவனத்தின் முனை நிற்கிறது என்கிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பெரிய சண்டையாகத் தெரியும். அருகில் போனால் இரு தரப்பும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்வது புரியும். எது எதோடு மோதும் என்று கேட்டால் பாட்லியின் பகுதிகள் நன்றாக வேலை செய்கின்றன. எத்தனை தாங்கும், ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது என்று கேட்டால் கவனத்தை நடுவில் வைக்கும் கோவன் வழி கைகொடுக்கிறது.

ஏன் மறந்துபோகிறது? நேரம் போவதாலா?

பீட்டர்சன் தம்பதி 1959இல் மூன்று மெய்யெழுத்துகளைக் கொடுத்து, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகப் பின்னோக்கி எண்ண வைத்தார்கள். 18 நொடிகளில் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. நேரம்தான் அழிக்கிறது என்று தோன்றும். ஆனால் கெப்பலும் அண்டர்வுட்டும் 1962இல் ஒவ்வொருவரின் முதல் முயற்சியை மட்டும் தனியே பார்த்தார்கள்: மறதி கிட்டத்தட்ட இல்லை! முந்தைய முயற்சிகளின் எழுத்துகள் வந்து குழப்பியதுதான் பெருமளவு. நேரத்துக்குப் பங்கே இல்லையா என்பது மட்டும் இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

மூளையில் இது எங்கே இருக்கிறது?

ஒரே இடத்தில் இல்லை. குரங்குகளில் முன்நெற்றிப் புறணியின் (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் மேலடுக்கு) நரம்பணுக்கள், பொருள் மறைந்த பிறகும் பதில் சொல்லும்வரை விடாமல் துடிப்பதை 1971இல் வாகின் ஃபூஸ்டர் பதிவு செய்தார். ‘நினைவு அங்கேதான்’ என்று பலகாலம் நம்பினார்கள். மனிதர்களில் ஒலிச்சுற்றுக்கு இடப்பக்க மூளையின் பேச்சுப் பகுதிகளும், இடம் சார்ந்ததற்கு வலப்பக்கப் பக்கமடலும் அதிகம் வேலை செய்கின்றன. பார்த்த கோடு எந்தச் சாய்வில் இருந்தது என்பதைக் கோடு மறைந்த பிறகும் ஆரம்பக் காட்சிப் புறணியின் (கண்ணிலிருந்து வரும் தகவல் முதலில் சேரும் மேலடுக்குப் பகுதி) செயல்பாட்டிலிருந்தே படிக்க முடிகிறது என்று 2009இல் ஹாரிசனும் டாங்கும் காட்டினார்கள். விவரங்களை அந்தந்தப் புலன் பகுதிகளே தாங்குகின்றன, முன்நெற்றி அவற்றைக் கட்டுக்குள் வைக்கிறது என்பது இன்று பலரும் சாயும் பக்கம்.

எப்படி அளக்கிறார்கள்?

எண்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வது எளிய அளவு. பின்னிருந்து முன்னாகச் சொல்வது சற்றுக் கடினம். டேன்மனும் கார்ப்பென்டரும் 1980இல் கொண்டுவந்த அளவு வேறு மாதிரி: வாக்கியங்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க வேண்டும், முடிவில் எல்லா வாக்கியங்களின் கடைசிச் சொற்களையும் சொல்ல வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கே இரண்டிலிருந்து ஐந்துதான் நின்றது. வெறும் எண் நினைவைவிட இது வாசிப்புத் திறனோடு நெருக்கமாக ஒத்துப்போனது.

இந்த அளவு கவனத்தையும் தொடுகிறது. ஒரு காதில் வருவதை மட்டும் கேட்கச் சொல்லி, மற்றக் காதில் அவர்கள் பெயரைச் சொன்னால், செயல்நினைவு குறைந்தவர்களில் 65 சதவீதம் பேர் பெயரைக் கவனித்துவிட்டார்கள். மிகுந்தவர்களில் 20 சதவீதம் பேர்தான். 2001இல் வந்த முடிவு. ‘திறன் கூடியவருக்கு எல்லாம் காதில் விழும்’ என்ற எண்ணத்துக்கு நேர் எதிர்: அவர்கள் வேண்டாததை வெளியே நிறுத்துகிறார்கள்.

பயிற்சியால் கூட்ட முடியுமா?

எதைக் கூட்ட என்பதைப் பொறுத்தது. எஸ்.எஃப். என்ற மாணவர் ஏழு எண்ணில் தொடங்கி, சுமார் இருபது மாதம், 230 மணி நேரத்துக்கு மேல் பயின்று, ஏறத்தாழ 80 எண்கள் வரை போனார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் அவருக்கு அது ஒரு மைல் ஓட்டம்: மூன்று நிமிடம் 49.2 நொடி, அன்றைய உலகச் சாதனைக்குப் பக்கம். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு. வளர்ந்தது நீண்டகால அறிவைக் கொண்டு கொத்தாக்கும் கலைதான், கொள்ளளவு தொடங்கிய இடத்திலேயே இருந்தது.

கணினி விளையாட்டு வடிவில் வரும் ‘மூளைப் பயிற்சி’களும் இதே கதை. பயின்ற விளையாட்டிலும் அதன் சாயலில் உள்ள சோதனைகளிலும் மதிப்பெண் ஏறும். வாசிப்பு, கணக்கு, பொது அறிவுத்திறன் ஏறுகிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் மெல்பி-லெர்வாக்கும் ஹியூமும் பார்த்தபோது நம்பகமான பலன் தெரியவில்லை. பணம் கட்டுமுன் யோசியுங்கள்.

குழந்தை சொன்னதைப் பாதியில் விட்டுவிடுகிறது. இது செயல்நினைவுப் பிரச்சினையா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குழந்தைகளுக்குக் கொள்ளளவு இயல்பாகவே குறைவு. பதின்வயது வரை வளர்ந்துகொண்டே போகும், ஒரே வகுப்பிலேயே பிள்ளைக்குப் பிள்ளை பெரிய வித்தியாசம் இருக்கும். ‘நோட்டை எடுத்து, தேதி போட்டு, பக்கம் 42இல் மூன்றாவது கணக்கை எழுதி, முடித்ததும் மேசையில் வை’ என்பது நமக்கு ஒரு வாக்கியம், அதற்கு நான்கைந்து சுமை. தேதி போட்டுவிட்டு விழிக்கும் பிள்ளையைக் கவனமில்லாதது என்று திட்டுகிறோம். கட்டளையை உடைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள், பலகையில் எழுதிப் போட்டுப் பாருங்கள். அப்போது செய்து முடித்தால் கேட்காமல் இருந்ததில்லை, தாங்கவில்லை. அப்படியும் தொடர்ந்து தடுமாறினால், கவனக்குறைவு, கேட்கும் திறன், மொழி வளர்ச்சி என வேறு காரணங்களும் இருக்கக்கூடும். குழந்தை உளவியலாளரிடம் காட்டுவது சரி.